சித்தப்பாவின் கை

புரட்டாசி, சனிக்கிழமை இரவு

காலையில் வாய்க்கால் மடையில் சித்தப்பா மண்வெட்டியால் அப்பாவின் நெற்றியில் அடித்தார். வயலுக்கு விடும் முறைத் தண்ணீர் இன்று அண்ணனுக்கா தம்பிக்கா என்ற சண்டை. எலும்பில் இரும்பு படும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சேற்றில் விழுந்த அப்பாவைத் தூக்கி, தன் துண்டையே காயத்துக்குக் கீழே அழுத்திப் பிடித்ததும் சித்தப்பாதான். அதைத்தான் போனில் படம் எடுத்தேன்.

அப்பா நீடாமங்கலம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் இணையத்தில் போலீஸ் புகார் பதிந்தேன். ஒரு படம்தான் ஏற்றலாம், அதுவும் சின்ன அளவில். படத்தைச் சுருக்கித் தரும் தளம் ஒன்றில் போட்டேன். சுருங்கி வந்ததைப் பார்த்து அம்மா கத்தினாள்.

"என்னடி இது, குங்குமம் வச்ச மாதிரில்ல இருக்கு! எவன் நம்புவான்?"

அதனால் பெரிய படத்தின் ஓரங்களை வெட்டினேன். துண்டும் கையும் போயின. பிளந்த காயம் மட்டும் திரை முழுக்க நின்றது. அனுப்பும்போது சந்தோஷமாக இருந்தது, சித்தப்பாவின் மண்டையில் நானே ஒன்று போட்டதைப் போல.

தையல் போட்டுக்கொண்டு வந்த அப்பா படத்தைப் பார்த்தார்.

"தம்பி கை இருந்துச்சேம்மா?"

"அளவுக்கு அடங்கலப்பா."

"அந்தக் கை இல்லன்னா, அவன் என்னைக் கொல்ல வந்தவன்னு ஆயிடும்."

"ஆகட்டும்ப்பா."

அப்பா என்னையே பார்த்தார். காலையில் மண்வெட்டியை ஓங்கியபோது சித்தப்பாவையும் அப்படித்தான் பார்த்தார்.