முதல் அத்தியாயத்தில் செத்துப்போன ஹில்டா

அன்பு மகள் மெர்லினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நான் சுகம் என்பதை மட்டும் இன்னொரு தடவை படித்துக்கொள், இங்கே அதை நம்பவைக்க நான் படும் பாடு பெரும்பாடாக இருக்கிறது. நீ அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா, இடுப்பு வலி எப்படி இருக்கிறது? வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீ வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று தெரியும், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், இதை ஓட்ட முடியாது. இரண்டாம் பாகம் எழுத உட்காரப் போவதாகச் சொன்னாயே, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

உன் புத்தகம் வந்தது. அட்டையில் உன் பெயரைப் பார்த்துவிட்டு அப்பா தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். கோபித்துக்கொள்ளாதே கண்ணு, எங்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. உலகம் அழிந்த பிறகு வரப்போகும் பயங்கரமான நகரம் என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது. வானம் சாம்பல் நிறம், கொடியில் காயும் துணியில் கரி, மூக்கைக் கட்டிக்கொண்டு போகும் ஜனங்கள், விடிந்தால் கம்பெனிச் சங்கு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசை. சரி, இதெல்லாம் நம்ம எர்ணாவூர், பயங்கரம் எப்போது ஆரம்பிக்கும் என்று பக்கம் பக்கமாகக் காத்திருந்தோம், கடைசி வரை வரவே இல்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்து, இன்னாம்மே இது, நம்ம ஏரியாவயே எழுதி வச்சிட்டு நம்மளயே பயப்படச் சொல்லுது உன் பொண்ணு என்றார். பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா அதற்கும் மேல். உன் கதையில் அந்தக் கொடுங்கோல் அரசாங்கம் தினமும் சொன்ன நேரத்துக்கு லாரி அனுப்புகிறது இல்லையா, அதைக் கேட்டதிலிருந்து, அக்கா அந்த ஊர்ல வாடகைக்கு வூடு கெடைக்குமா, மெர்லினாண்ட ஒரு வார்த்த கேளேன் என்று ஒரே நச்சரிப்பு. பதினாறு வயசுப் பெண் கயல் ஊரைச் சுற்றிய சுவரைத் தாண்டிப் போய், தனி ஆளாக அரசாங்கத்தையே கவிழ்க்கிறாள், நல்லது, ஆனால் புத்தகம் முழுக்க ஒரு வாய் சோறு தின்னவில்லையே, தெம்பு எங்கிருந்து வந்தது?

அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். முதல் அத்தியாயத்திலேயே கயலின் அம்மாவைச் சாகடித்தாயே, அவளுக்கு ஏனடி என் பெயரை வைத்தாய்? பெயர் மட்டுமா, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுவது, மீன்காரியிடம் பேரம் பேசி கடைசியில் அவளுக்கே டீ வாங்கிக் கொடுப்பது, அத்தனையும் நான். அந்த இடத்தைப் படித்துவிட்டு அப்பா தேம்பித் தேம்பி அழுதார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அதோடு விட்டாரா மனுஷன், கோயில் ஆபீசுக்குப் போய், செத்தவளுக்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், என்னிடம் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் உபதேசியார் பிராங்கிளின் மைக்கில் வாசிக்கிறார், மரித்த ஹில்டாவின் ஆன்மா இளைப்பாற்றிக்காக, ஒப்புக்கொடுப்பவர் கணவர் இக்னேஷியஸ் என்று. நான் பெண்கள் பக்கத்தில் ஜெபமாலையோடு முட்டி போட்டிருக்கிறேன். முன் வரிசையில் ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து, எப்பக்கா ஆச்சு, ஒரு வார்த்த சொல்லவே இல்லியே என்று என்னிடமே துக்கம் விசாரிக்கிறாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் நம் தெரு ஜெபக்கூட்டமான அன்பியத்து ஆட்கள் மாலையோடு நிற்கிறார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று ஒருத்தர் இட்லி கொண்டுவர, அஜீசுன்னிசா, நீ உயிரோட கீறது எனக்குத் தெரியும் ஆனாலும் எல்லாரும் குடுக்கறாங்களே என்று குஸ்கா கொடுத்தனுப்பினாள். வாங்கி வந்த டீயை நான்தான் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். என் கையாலேயே டீ வாங்கிக் குடித்தும் பாதிப் பேர் அழுகையை நிறுத்தவில்லை, வந்ததற்கு அழுதுவிட்டாவது போவோம் என்று நினைத்தார்களோ என்னவோ. எல்லாரும் போன பிறகு அப்பாவைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினேன். அவர், புக்குல செத்தாலும் ஆன்மா ஆன்மாதான ஹில்டா, அதுக்கு வேண்டிக்க யாரு கீறா, அந்தப் பொண்ணு செவுரு தாண்டிப் போய்கினே கீது என்றார். எனக்குக் கோபம் அப்படியே இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அந்தச் சுவர் தாண்டும் இடத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். திரும்பிப் பார்க்க அங்கே யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் எனக்கு அழுகை தாங்கவில்லை. அம்மாக்காரி உயிரோடு இருந்தால் அந்தப் பெண்ணால் சுவர் ஏற முடியாது என்றுதானே முதலிலேயே என்னைக் கொன்றாய்? போன தடவை ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் நீ திரும்பவே இல்லை, நீ அழுதுகொண்டே போகிறாய் என்று உன் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. இரண்டாம் பாகத்தில் என்னை எழுப்பிவிடு மெர்லின். எப்படி எழுப்புவது என்று நீயே பார்த்துக்கொள், கதை உன் கையில்தானே இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கயலுக்குத் தோள் கொடுத்து ஏற்றிவிடுகிறவள் நானாக இருக்கட்டும். நான் உயிரோடு இருக்கும்போதே நீ போகலாம் கண்ணு. திரும்பியும் பார்க்கலாம்.

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பாவின் முத்தங்கள். நெத்திலிக் கருவாடு தனியாக அனுப்பியிருக்கிறோம், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வறு.

இப்படிக்கு, உயிரோடு,
உன் அம்மா ஹில்டா