அண்ணி இங்கேயேதான் இருப்பார்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கில் ஜெயித்துவிட்டோம். அண்ணி இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை.

ரத்த உறவோ திருமண உறவோ இல்லாதவர்கள் ஒரே வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று மாநகராட்சி போட்ட விதியே செல்லாதாம். வீட்டுக்குள் யாருக்கு யார் என்ன உறவு என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

நோட்டீஸ் வந்த அன்று நீ போனில், "வம்பு எதுக்கு, அவளை வேற வீடு பாத்துக்கச் சொல்லு" என்றாய். உன் சங்கடம் புரிந்தது. ஆனால் எதிர்வீட்டு டைலர் விடவில்லை. அவரும் அவர் சிநேகிதரும் வெகுகாலமாக ஒன்றாக இருப்பவர்கள். "நாங்க சேந்து இருக்கணும்னா ஒருத்தரை ஒருத்தர் தத்தெடுக்கணுமா?" என்று கேட்டுக் கேட்டே தெருவைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டார். எங்கள் வக்கீல் மனுவில் 'முன்னாள் அண்ணி' என்று எழுதியபோது டைலர் அவரோடும் சண்டைக்குப் போனார்: "முன்னாள் மந்திரி இருக்கலாம் சார், முன்னாள் அண்ணி எங்க இருக்கு?"

விவாகரத்துக்குப் பிறகு இந்தப் பெண் உங்களுக்கு யார் என்று மாநகராட்சி வக்கீல் என்னைக் கேட்டார். நாலு பேர் முன்னால் பேசத் தயங்குகிறவள் நான். அன்று வாய் தானாகத் திறந்தது. "விவாகரத்து எங்கண்ணனுக்குத்தான் ஆச்சு. எனக்கு ஆகலை." நீதிபதிகூடச் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை. பின் பெஞ்சில் தலைகுனிந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி, யாரோ ஒரு தாத்தாவுக்குச் செய்துகொண்டிருந்த பல் செட் வேலையில் உட்கார்ந்துவிட்டார். இன்றைக்காவது ஓய்வெடுங்கள் என்றேன். "ஜெயிச்சாச்சுன்னு நான் சும்மா உக்காந்தா அந்தத் தாத்தா எதை வச்சுச் சாப்பிடுவார்?" என்றார்.

அண்ணா, உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மா இறந்த வருடம் நான் யாரோடும் பேசாமல் புத்தகங்களுக்குள் கிடந்தேன். அப்போதுதான் நீ இவரைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தாய். பேசு என்று அவர் ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. தன் வேலையைத் தூக்கிக்கொண்டு வந்து, நான் படிக்கும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார், அவ்வளவுதான். நீ எனக்குச் செய்ததிலேயே பெரிய காரியம் அது.

அடுத்த மாதம் புது மனைவியோடு வருவதாக எழுதியிருந்தாய். அவசியம் வா. மாடி அறையை அண்ணியே ஒழித்துப் பெருக்கி, மெத்தைக்குப் புது உறை போட்டிருக்கிறார். உன் மனைவிக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் வராது. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், மனதாரச் சொல்கிறேன். உன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் கூப்பிடுகிறேன், அக்கா என்றாலும் சரி. அண்ணி என்று மட்டும் கூப்பிடச் சொல்லாதே, அண்ணா.

என்றும் உன்,
தங்கை