அருவிக்கரைப் படத்தில் என் கை

அண்ணாச்சி,

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரிகள் மலைப்பாதை மாதிரி ஏறி இறங்குகின்றன. ‘ண’ எழுதப் போனால் எத்தனை சுழி என்று விரல் யோசித்து நின்றுவிடுகிறது. ஆய்க்குடிப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். டீச்சருக்கு என் பேத்தி வயதுதான். “ஐயா, முணங்காதீங்க, சத்தமா வாசிங்க” என்று அவள் அதட்டும்போது எனக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை எழுத இன்னும் நான் படிக்கவில்லை.

போன வாரம் மருமகன் கைப்பேசியை நீட்டினான். அதில் நீங்கள் எடுத்த அந்தப் படம். என் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே ஒரு வரி. அவன் வாசிக்க வாயெடுத்தான். நான் தடுத்துவிட்டு எழுத்துக் கூட்டினேன். ‘தலைவரைக் கொன்றவன் இவனா?’ முடித்ததும் சிரித்துவிட்டேன்.

“மாமா, சிரிக்கிற விசயமா இது?”

“கேள்விக்குறி வரைக்கும் வாசிச்சிட்டேம்லா, அதான்.”

அதற்கும் கீழே ஊரார் எழுதியவற்றையும் விடவில்லை. நான் செத்து வெகுகாலம் ஆயிற்று என்கிறார் ஒருவர். இன்னொருவர் கணக்குப்படி துபாயில் கடை வைத்திருக்கிறேன். என்னைப் பற்றிய வசவை நானே வாசிக்கிற காலம் வரும் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை, அண்ணாச்சி.

அன்றைக்குக் குற்றாலத்தில் நல்ல சீசன். மெயின் அருவியில் எண்ணெய் தேய்ப்பது என் பிழைப்பு. வருகிறவர்களைப் படம் எடுப்பது உங்கள் பிழைப்பு. குளிக்க வந்திருந்த அந்தக் கட்சித் தலைவர் ஈர வேட்டியோடு நடந்து வந்தார். சுற்றிலும் கூட்டம். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆலங்குளத்துப் புதுமண ஜோடியை நிறுத்தி, “மாப்பிள, பொண்ணு கடிச்சிர மாட்டா, கொஞ்சம் கிட்ட நில்லும்” என்றீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நீங்கள் அமுக்கினீர்கள். தலைவர் விழுந்தார்.

அருவி இரைச்சலில் வெடிச்சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வழுக்கி விழுகிறார் என்று நினைத்துத்தான் பிடிக்கக் கையை நீட்டினேன். சுட்டவனைப் பார்த்தவரும் இல்லை. மிஞ்சியது உங்கள் படம் மட்டும். முன்னால் சிரிக்கிற ஜோடி, பின்னால் மடங்கிச் சரிகிற தலைவர், அவருக்குப் பின்னால் கையை நீட்டியபடி நான். என் கையில் கருப்பாக ஏதோ ஒன்று. அந்த இடத்தில் பார்த்து லென்ஸில் சாரல் துளி விழுந்து கலங்கியிருந்தது. ஜோடிக்குக் கொடுத்த பிரதி எப்படியோ ஒரு பத்திரிகைக்குப் போய்ச் சேர, மறுநாள் போலீஸ்காரர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நெகட்டிவை எடுத்துக்கொண்டு காலையில் வரச்சொல்லி உங்களுக்கும் ஆள் வந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரி தென்காசியில் உங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அந்தக் காலத்தில் தென்காசியில் பாதிக் கல்யாணம் உங்கள் பென்சில் முனையில்தானே நடந்தது! பெண்ணின் அம்மைத் தழும்பு, மாப்பிள்ளையின் ஒன்றரைக் கண் எல்லாம் நெகட்டிவில் நீங்கள் பென்சிலால் டச்சிங் செய்தால் காணாமல் போகும். அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“ஊருல உள்ள தழும்பெல்லாம் அழிச்சீங்கள்லா அண்ணாச்சி, எங்க வீட்டு ஆளுக்கு ஒரு எண்ணெய்க் குப்பி வரையக் கூடாதா?”

“வரையலாம் தங்கச்சி. நான் குப்பி வரைஞ்சா இன்னொருத்தன் துப்பாக்கி வரைவான். எவன் நல்லா வரையுதானோ அவன் செயிப்பான். உன் வீட்டுக்காரன் உசுர அந்தப் பந்தயத்துல வைக்க மாட்டேன்.”

“அப்ப அவுக உள்ளயே கெடக்கட்டுங்கீங்களா?”

“நாளைக்கு நான் வாரேம்லா.”

உங்கள் பென்சில் ஒடிஞ்சு போகட்டும் என்று வழி முழுக்க ஏசிக்கொண்டே வந்தாளாம். அவள் படி இறங்கும்போதே ஒரு கட்சிக்காரர் ஏறினார். என் கையில் தெரிந்த கருப்புத் திட்டைத் துப்பாக்கிக் குழாய் மாதிரி கொஞ்சம் நீட்டிவிட்டால் புதுக் கேமரா வாங்கித் தருவதாகச் சொன்னாராம். அவர் எந்தக் கட்சி என்று கடைசிவரை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. “வந்த வழியா எறங்கும்வே” என்று அனுப்பியதை மட்டும்தான் சொன்னீர்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் என்னையும் வைத்துக்கொண்டுதான் உங்களிடம் கேட்டார்.

“இவன் கையில என்ன இருக்கு?”

“கருப்பா ஒண்ணு இருக்கு சார். படத்துல அதுக்கு மேல தெரியல.”

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப துப்பாக்கியா இருக்கலாம்?”

“படத்தக் கேட்டா இருக்கலாம். குப்பியாவும் இருக்கலாம். என்னையக் கேளுங்க. காலையில எனக்கு எண்ணெய் தேச்சவன் இவன். குப்பிய மூடிக் கையில எடுத்தத என் கண்ணால பாத்தேன். நான் கேமராவத் தூக்கிட்டுப் போனேன், இவன் பின்னாலயே வந்தான். படம் சொல்லல சார், நான் சொல்லுதேன். பொய்யின்னா என்னையப் புடிச்சு உள்ள வைங்க.”

நெகட்டிவ் சென்னைக்குப் போனது. அதில் பென்சில் பட்ட அடையாளமே இல்லை என்று அங்கிருந்து எழுதி வந்தது. படத்தில் கை வைக்காதவர் சொல்வதை நம்பலாம் என்று என்னை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் நான் கேட்டேன்: “ஒரு கோடு இழுத்திருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்லா அண்ணாச்சி?”

“வந்திருப்ப. பொறவு எப்ப வேணும்னாலும் திரும்பக் கூட்டிட்டுப் போயிருப்பான்லே.”

அந்தப் பதிலின் பெருமை அன்று எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதி இந்த வாரம் விளங்கியது.

கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. சொந்தக் கட்சியே செய்தது என்று ஒரு கூட்டம், எதிர்க்கட்சி என்று ஒரு கூட்டம். எல்லோரும் உங்கள் படத்தைத்தான் இழுக்கிறார்கள். இப்போது டச்சிங்குக்குப் பென்சில் வேண்டாம், அண்ணாச்சி. கம்ப்யூட்டரிடம் ‘தெளிவாக்கு’ என்றால் போதுமாம். யாரோ தெளிவாக்கியதில் என் கையில் பளபளவென்று துப்பாக்கி. முகத்தையும் தெளிவாக்கி, எனக்கு என்றுமே இல்லாத மீசையையும் வைத்துவிட்டார்கள். “மீச நல்லாத்தான் இருக்கு” என்கிறாள் வீட்டுக்காரி.

சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. பேத்திக்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை பேசியிருக்கிறோம். மாப்பிள்ளையின் அப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களும் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். “கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுதோம்” என்று ஃபோன் வந்தது. மகள் அழுதாள். மருமகன் சும்மா இருக்கவில்லை. அவனும் அதே கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்துகொண்டு வந்தான். அதில் என் கையில் அழகான எண்ணெய்க் குப்பி, ‘நல்லெண்ணெய்’ என்று சீட்டு ஒட்டியபடி. அந்த வார்த்தையையும் நானே வாசித்தேன்.

“இத அனுப்பிருவோம் மாமா. இதுல என்ன பொய்யி? குப்பிதான வச்சிருந்தீங்க?”

“குப்பிதான். ஆனா இது அந்தக் குப்பி இல்ல.”

“பாத்தா நம்பிருவாங்க மாமா!”

“நம்புவாங்க. நாளைக்கு எவனாவது இதவிட நல்ல துப்பாக்கி அனுப்புனா அதையும் நம்புவாங்க. வேண்டாம்டே. நான் நேர்ல போயிச் சொல்லுதேன்.”

“உங்க வாயிச் சொல்லு மட்டும் போதுமா? அவ கல்யாணம் மாமா!”

அது சரியான கேள்விதான். மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பி நின்ற பேத்திதான் பேசினாள்.

“அப்பா, அத அழிங்க. தாத்தா போயிச் சொல்லட்டும். தாத்தா மூஞ்சியப் பாத்து நம்பாதவங்க, நாளைக்கு எம் மூஞ்சியப் பாத்தா நம்பப் போறாங்க?”

மருமகன் அழித்துவிட்டான்.

எனக்காகப் பேச நீங்கள் வந்தீர்கள், அண்ணாச்சி. தெரியாததைத் தெரியாது என்று முதலில் சொல்லிவிட்டு, தெரிந்ததற்கு உங்களையே பிணையாக வைத்தீர்கள். அப்படி ஒரு மனிதர் எனக்குச் சேக்காளியாக இருந்தார் என்பதை நினைத்தால் இந்த வயதிலும் நெஞ்சு நிமிர்கிறது. இப்போது நீங்கள் உயிரோடு இல்லை. எண்ணெய்க் குப்பியைப் பார்த்த கண்களில் மிச்சம் என்னுடையது மட்டும்தான். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வாசுதேவநல்லூர் போகிறேன். படம் எதுவும் கொண்டுபோகவில்லை. அந்தப் போலீஸ்காரருக்கு எதிரே உட்கார்ந்து, தலைவரைச் சுட்டது யார் என்று எனக்குத் தெரியாது, என் கையில் இருந்தது எண்ணெய் என்று சொல்லப்போகிறேன். நம்புவதும் நம்பாததும் அவர் பாடு.

அங்கே நடந்ததை அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். சரி என்று சொன்னால் சரி என்று எழுதுவேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால், வேண்டாம் என்றே எழுதுவேன்.