அடுக்களையில் ஆட்காட்டி

ஆகஸ்ட் 4, திங்கள்

அனுமதிக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. மண் பரிசோதனை, காட்டுத்தீ அபாய மதிப்பீடு, கழிவுநீர்த் தொட்டி, தீயணைக்கத் தனியாக ஒரு தண்ணீர்த் தொட்டி என்று பதினோரு மாதம் அலைந்திருக்கிறேன். எதற்கு? லாரியில் துண்டு துண்டாக வந்து இறங்கப்போகிற ஒரு கிட் வீட்டுக்கு!

நானே கட்டுவதால் கட்டுமானப் பாதுகாப்பு வகுப்புக்கு வேறு போக வேண்டியிருந்தது. பதினெட்டு வயதுப் பையன்கள் நடுவே உட்கார்ந்து ஏணியில் எப்படி ஏறுவது என்று படித்தேன். அறுபத்து மூன்று வயதில் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். இனி சட்டப்படி ஏணியில் ஏறலாம்.

கவுன்சில் கவுன்டரில் பெட்ராகிஸ் உட்கார்ந்திருந்தாள். முப்பத்து நாலு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியதில் இதுதான் தொல்லை. இந்த வட்டாரத்தில் எந்த நாற்காலியில் யார் இருந்தாலும் என் பஸ்ஸில் வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். பெட்ராகிஸ் ஆறாவது படிக்கும்போது, மழையில் ஓடி வந்தவளை அரை நிமிஷம் தாமதம் என்று விட்டுவிட்டுப் போனேனாம். எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது. அரை மணிக்கு ஒரு படிவமாகத் தேடித் தேடித் திருப்பிக் கொடுத்தாள். ஏழாம் பக்கத்தில் தேதி போடாததைக் கண்டுபிடித்துவிட்டு, "விதி விதிதானே டிரைவர்?" என்று சிரித்தாள்.

தேதி போட்டேன். வேறு என்ன செய்ய?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என் மனைவி நெரில் வந்தாள், பூசணி சூப்போடு. சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பிவிட்டாள். இருட்டுகிற நேரம் வாலபிகள், அந்தக் குட்டைக் கங்காருகள், சாலைக்கு வந்துவிடும் என்பது காரணம். ஒவ்வொரு ஞாயிறும் அதே காரணம்.

காரின் பின்சீட்டைப் பார்த்தேன். தலையணை இல்லை. நெரில் எங்கே தங்கப் போனாலும் அவளுடைய தலையணை கூடப் போகும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் போனது. அமுங்கித் தட்டையாகி, அதைத் தலையணை என்று சொல்வதே தயவுதான். ஆனாலும் அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அது வந்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

மார்ச்சில் டவுன் வீட்டை விற்றுவிட்டு இருவரும் மனையில் நிறுத்தியிருக்கும் இந்தக் கேரவனுக்கு வந்தோம். பதினாறு நாள் தாங்கினாள். பிறகு லான்செஸ்டனில் தங்கை கோரல் வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளங்கை அகலச் சிலந்தி ஒரு காரணம். விடியற்காலை ஐந்து மணிக்கு நான் டீக்கு வைக்கும் கெட்டில் கேரவனே அதிரும்படி விசிலடிப்பது இன்னொரு காரணம். வேறு காரணம் உண்டா? கேட்டால் சொல்ல மாட்டாள்.

"வீடு முடிஞ்சா வருவேதானே?" என்று இன்றும் கேட்டேன்.

"பாக்கலாம்" என்றாள்.

முப்பத்தெட்டு வருஷக் கல்யாணம். பாக்கலாமாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

டூலி பொக்லைனோடு வந்து மேட்டைச் சீவி, வீடு வருகிற இடத்தைச் சமன் செய்துவிட்டான். ஜல்லி பரப்பி உருளை ஓட்டியாகிவிட்டது. மேசை மாதிரி இருக்கிறது. டூலியும் என் பஸ்காரன்தான், கடைசி சீட். இப்போது நாற்பத்தைந்து வயது, தொப்பை. தரை வேலை, கான்கிரீட் வேலை இரண்டும் அவன் பொறுப்பு.

செப்டம்பர் 12 வெள்ளிக்கிழமை கான்கிரீட் தளம் போட வேண்டும். அக்டோபர் 8 வீடு லாரியில் வரும். கிறிஸ்துமஸுக்குள் கூரை. எல்லாம் அட்டவணைப்படி.

இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது. அதுவரை தரை சும்மா கிடக்கட்டும், யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஒரு பிழை செய்துவிட்டேன். இந்த ஊரில் பிறந்தவன் செய்யக் கூடாத பிழை.

காலையில் குழாய்கள் வரவேண்டிய இடத்தில் முளைக்குச்சி அடிக்கப் போனேன். தலைக்கு மேல் கத்திக்கொண்டு ஒன்று பாய்ந்தது, பின்னாலேயே இன்னொன்று. ஆட்காட்டிப் பறவை ஜோடி. முகத்தில் மஞ்சள் முகமூடி, இறக்கை மூட்டில் முள். குனிந்து பார்த்தால் ஜல்லிக்கு நடுவே நான்கு முட்டைகள். கூடும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வரைபடத்தோடு ஒப்பிட்டேன். சரியாக அடுக்களை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அரை மீட்டர் இந்தப் பக்கம்.

டூலியைக் கூப்பிட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் ஃபோன் கீழே விழுந்திருக்கும்.

"ஆகஸ்ட் மாசம் மொட்டைத் தரைய யாராவது சும்மா போட்டு வைப்பாங்களா டிரைவரே? நாலு குச்சி நட்டு ஜிகினாத் தாளாவது கட்டியிருக்கக் கூடாதா? பத்திரிகை அடிச்சுக் கூப்பிட்ட மாதிரி வந்திருக்கு."

மதியம் நெரில் வந்தாள். தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பாவம், இது உன் பாதையில வந்து முட்டை போட்டிருக்கே. நீ யாருக்காகவாவது காத்திருந்திருக்கியா, டெஸ்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். மூன்றரைக்கே கிளம்பிவிட்டாள்.

செப்டம்பர் 1, திங்கள்

பெட்ராகிஸுக்கு ஃபோன் செய்தேன். அனுமதியில்லாமல் முட்டையை நகர்த்தக் கூடாது. அனுமதி தருவது வேறு துறை. விண்ணப்பம் பரிசீலனையாக ஆறு வாரம்.

"முட்டை பொரியவே நாலு வாரந்தானே?" என்றேன்.

"ஆமா டிரைவர். அப்போ விண்ணப்பம் தானா ரத்தாயிடும்" என்றாள். ரொம்ப சந்தோஷமாக இருந்தாள்.

செப்டம்பர் 3, புதன்

டூலி பொக்லைனைக் கொண்டுவந்து தரையோரம் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. அவனுக்கும் வரிசையாக வேலை இருக்கிறது. 12ஆம் தேதியை விட்டால் கான்கிரீட் வண்டி அக்டோபர் 17தான். வீடு முன்னால் வந்துவிடும், தளம் பின்னால் வரும்.

"நீங்க உள்ள போய் ஒரு டீ போடுங்க. நான் வண்டிய ஒரு தடவை பின்னால எடுக்கறேன். பார்க்கவே இல்லன்னு ரெண்டு பேரும் சொல்லிடலாம்" என்றான்.

கேரவனுக்குள் போனேன். உண்மையை எழுதுகிறேன், போனேன். கெட்டிலில் தண்ணீர் பிடித்தேன். நெரில் சொன்னது காதிலேயே நின்றது. காத்திருந்திருக்கியா? பெட்ராகிஸ் மழையில் நின்றாளாமே, எவ்வளவு நேரம் நின்றாள்? அன்று அவளை யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? கேட்டதே இல்லை.

வெளியே ஓடி வந்து கையை ஆட்டினேன். அவன் அப்போதும் கியர் போடாமல் உட்கார்ந்து சிகரெட் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்றான். சும்மா சொல்கிறான். எனக்கே தெரியாது.

இரக்கமெல்லாம் ஒன்றுமில்லை. வீம்பு. நெரில் நினைப்பது தப்பு என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பைப்பைத் திறக்கப் போனாலும் தலையில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டுதான் போகிறேன். பின்பக்கம் மையால் இரண்டு கண் வரைந்திருக்கிறேன், பார்க்கிறோம் என்று தெரிந்தால் பறவை பாயாதாம். இந்தக் கோலத்தில் நெரில் என்னைப் பார்த்துவிட்டாள். காரை விட்டு இறங்க முடியாமல் சிரித்தாள்.

"இன்னுமா இருக்கு?" என்று முட்டையைத்தான் முதலில் கேட்டாள்.

நாலே காலுக்குக் கிளம்பினாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

கான்கிரீட் நாள். கான்கிரீட் இல்லை. ஆண் பறவை காலை ஆறிலிருந்து பத்து வரை, பிறகு பெண். ஷிப்டு மாறுவதில் ஒரு நிமிஷம் பிசகில்லை. இதுகளை என் பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

மழை. தரைப் பக்கம் போகவும் முடியாது. கேரவன் ஜன்னலருகே இருவரும் உட்கார்ந்து பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செய்ய எதுவும் இல்லாத ஞாயிறு எங்களுக்குக் கடைசியாக எப்போது வந்தது? நெரில் மேசையிலிருந்த வரைபடத்தை எடுத்துப் பிரித்தாள். விரலால் ஒவ்வோர் அறையாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"இதுதான் நம்ம வீடா?" என்றாள்.

விளையாட்டு என்று நினைத்தேன். "கையெழுத்தே போட்டிருக்கியே" என்றேன்.

"கோரல் வீட்டு வாசல்ல வந்து நின்னே. எஞ்சின் ஓடிட்டே இருந்துச்சு. பானட் மேல வச்சு, இங்க போடு, இங்க போடுன்னே. நான் பாக்கவே இல்ல, டெஸ். டவுன் வீட்ட வித்தப்பவும் அப்படித்தான். சரின்னு நான் எப்போ சொன்னேன்? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. நல்ல விலை வந்தது, வாங்குபவர் அவசரப்பட்டார், நானும் அவசரப்பட்டேன். அவள் மௌனமாக இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சிலந்தியும் இல்லை, கெட்டிலும் இல்லை. கடவுளே, ஐந்து மாதமாக நான் சிலந்திக்கு மருந்தடித்துக்கொண்டிருக்கிறேன்.

"உனக்கு எப்படி வேணும், சொல்லு" என்றேன்.

நான் அவசரப்படுத்தவில்லை. பறவை எழுந்து, முட்டையைத் திருப்பிவிட்டு, மறுபடி உட்கார்ந்தது. அப்புறம்தான் சொன்னாள். பூமியின் இந்தத் தென்கோடியில் வெயில் விழுகிற வடக்குப் பக்க அறையைத் துணி துவைக்கிற இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய தையல் மேசையைக் குளிரடிக்கிற தெற்கு மூலையில் வைத்திருக்கிறேன். இரண்டையும் மாற்றிப் போட்டால் போதும்.

"இயந்திரத்துக்கு எதுக்கு வெயிலு? குளிருதுன்னு சொல்லிச்சா?" என்றாள்.

துவைக்கும் அறைக் குழாய் தளத்துக்கு அடியில் போக வேண்டியது. வெள்ளிக்கிழமை கான்கிரீட் போட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

திருத்திய வரைபடத்தை இன்றே கொடுத்தால்தான் அக்டோபர் 17க்குள் ஒப்புதல் கிடைக்கும். வழியில் ஒரு மந்தை ஆடு சாலையைக் கடந்தது. கவுன்சில் கவுன்டர் நாலரைக்கு மூடும். நான் போய் நின்றபோது நாலு முப்பத்தொன்று. பெட்ராகிஸ் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டாள்.

எந்த முகத்தோடு கேட்பது?

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பறவை விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது, டூலியின் வாய் அப்படி. ஷட்டர் மெல்ல மேலே போனது.

"ஏறுங்க டிரைவர்" என்றாள்.

அன்று மழையில் விட்டுவிட்டுப் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். இருபத்தாறு வருஷம் தாமதம். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நெரில் தையல் மேசையை அளக்கும் நாடாவைக் கொண்டுவந்திருந்தாள். தலையணை இல்லை. நாலு இருபதுக்குக் கிளம்பினாள்.

செப்டம்பர் 29, திங்கள்

பொரிந்துவிட்டது! மூன்று குஞ்சுகள். ஒரு முட்டை கூமுட்டை. நெரிலுக்கு ஃபோன் செய்தேன், ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். திங்கட்கிழமை அவள் வந்ததே இல்லை. மதியத்துக்குள் மூன்றும் நடந்தே, ஆமாம் நடந்தே, குட்டையைப் பார்த்துப் போய்விட்டன. நான்கு வாரம் என் அடுக்களையில் குடியிருந்துவிட்டு ஒரு நன்றி கிடையாது.

நெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் தூசி விழுந்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்

வீடு வந்துவிட்டது. தளம் இன்னும் இல்லை. என் வீடு மொத்தமும் புல்வெளியில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருக்கிறது. தரையைச் சுற்றி டூலி ஜிகினாத் தாள் கட்டியிருக்கிறான். கல்யாண வீடு தோற்றது.

அக்டோபர் 17, வெள்ளி

திருத்தத்துக்கு நேற்றே ஒப்புதல் வந்துவிட்டது. கம்பி, குழாய் எல்லாவற்றையும் ஆய்வாளர் பார்த்துச் சரி என்றார். காலை ஏழுக்குக் கான்கிரீட் வண்டி. ஏழடிக்கும் முன்பே நெரில் வந்துவிட்டாள். வடக்கு அறையில் குழாய் ஒன்றும் துருத்தவில்லை என்று தானே நடந்து பார்த்துவிட்டுத்தான் கான்கிரீட்டை இறக்கவிட்டாள். டூலி மறுபேச்சில்லாமல் காத்திருந்தான். மதியத்துக்குள் தளம் கண்ணாடி.

நாலு மணி ஆனது. நாலரை ஆனது.

"வாலபி வர்ற நேரமாச்சே, நெரில்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என்ன அவசரம் உனக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. எனக்கென்ன அவசரம்?"

ஸ்வெட்டர் எடுக்கக் கேரவனுக்குள் போனேன். கட்டிலில் ஜன்னல் பக்கம் அந்தத் தட்டைத் தலையணை இருந்தது. என்னுடையது சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. காலையிலேயே கொண்டுவந்து போட்டிருக்கிறாள். நான் பின்சீட்டைப் பார்க்க மறந்திருக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

மணி ஏழேகால். இன்னும் டீ குடிக்கவில்லை. நெரில் தூங்குகிறாள். வைத்தால் கெட்டில் விசிலடிக்கும்.