நிழலில் யாரும் உட்காரவில்லை

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு.

நேற்று போனில் என் வாயாடி மகளிடம், "கணக்குல எத்தனை மார்க்?" என்று கேட்டேன். "மார்க்கெல்லாம் இல்லப்பா, நாங்க பெஞ்ச் செய்யறோம்" என்கிறாள். தூக்கிவாரிப் போட்டது. நாலாம் வகுப்பில் பெஞ்சா? அவள் அம்மா போன பிறகு, நீ டீச்சர், கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வாய் என்றுதானே உன் வீட்டில் விட்டேன்?

இங்கே ஆளைக் குறைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வரைபடம் சரிபார்க்கும் என் வேலையை இனி கம்ப்யூட்டரே செய்யுமாம். இந்தக் காலத்தில் பிள்ளை கையில் மார்க்காவது இருக்க வேண்டாமா? அடுத்த பருவத்துக்கு இங்குள்ள பள்ளியில் இடம் கேட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி

ஜூலை 15

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நீ பெற்றவன், கூட்டிப் போகாதே என்று சொல்ல நான் யார்? நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பள்ளிக்கு எதிரே வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு, தட்டி மறைத்து நிழலோடு ஒரு பெஞ்ச். பள்ளி திறந்ததிலிருந்து அவள் வகுப்புக்கு அதுதான் பாடம். பிள்ளைகளே அளந்தார்கள், பெருக்கினார்கள், தப்பாக அறுத்து மறுபடி அளந்தார்கள். கணக்கு அதிலேயே வந்துவிட்டது. ஆனால் போட்ட பெஞ்சில் ஒருவர்கூட உட்காரவில்லை. உன் மகள் அழுது தீர்த்தாள். ஏன் என்று எனக்கும் புரியவில்லை.

மறுநாள் அவளே போய், அங்கே நின்ற நர்ஸம்மாவிடம் கேட்டாள்: "ஏன் ஆன்ட்டி உக்கார மாட்டேங்கறீங்க?"

"உக்காந்தா பஸ் வர்றது தெரியலயேம்மா."

தட்டியை பஸ் வரும் பக்கமே வைத்திருந்தார்கள். சாயங்காலமே மாற்றினார்கள்.

இது பிற்காலத்தில் அவளுக்குச் சோறு போடுமா என்றால், தெரியாது. என்ன வேலை இருக்கும், என்ன இருக்காது என்று யாருக்குத் தெரிகிறது? எனக்கும் பயம்தான், தம்பி.

உன் அக்கா

ஆகஸ்ட் 9

அக்கா,

பேச்சு நிஜமாகிவிட்டது. மிச்சம் இருந்தவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, "கம்பெனிக்கு நீங்க வேற என்ன செய்ய முடியும்னு நீங்களே சேர்ந்து யோசிச்சு சொல்லுங்க" என்றார் மேனேஜர். படிப்பு முடியும்வரை முதல் ரேங்க் வாங்கியவன் நான். யாராவது கேள்வியைக் கொடுப்பார்கள் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைப் பெண், "சார், நம்ம வரைபடத்தை வாங்கறவங்ககிட்டயே போய்க் கேப்போமா?" என்றாள். "அது நம்ம வேலை இல்லம்மா" என்றேன். அவள் வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு போய், அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு வந்தாள். அந்த மூவருக்கும் வேலை இருக்கிறது. எனக்கு இல்லை.

இங்குள்ள பள்ளிக்கு, இடம் வேண்டாமென்று எழுதிவிட்டேன். அவள் அங்கேயே படிக்கட்டும். வேலை போனதை மட்டும் அவளிடம் சொல்லாதே. பயந்துவிடுவாள்.

தம்பி

ஆகஸ்ட் 17

அன்புத் தம்பிக்கு,

சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே, "அப்பாவுக்கு என்ன அத்தை?" என்று கேட்டுவிட்டாள். பொய் வரவில்லை.

கேட்டதும் தோளில் இருந்த பள்ளிப் பையை இறக்கி வைத்தாள். பிறகு, "அடுத்து என்ன செய்யறதுன்னு அப்பா அங்க தனியாவா யோசிக்கறாங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப இங்க வரச் சொல்லுங்க."

எனக்கும் வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. வந்துவிடு. எந்த ரயில் என்று எழுது. ஸ்டேஷனுக்கு இருவரும் வருகிறோம்.

அக்கா