விட்டுப்போன ஐந்தாம் அத்தியாயம்

அலெக்சாந்திரியா
ஜனவரி 11

அன்பு ஷுக்ரிக்கு,

நலம். மூன்று நாளாகப் புயல். மீன் வாங்க வழியில்லை, அவித்த மொச்சை ஃபூலைத் தின்றே காலம் ஓடுகிறது. நாம் எழுதிய கம்பைலரின் உள்விவரத்தை எழுதி முடித்து அனுப்பிவிட்டேன். எவனுக்கும் புரியும்படி முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன்: இரண்டு புரோகிராம்கள் தமக்குள் என்ன பேசிக்கொள்ளலாம் என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், இரு பக்கத்துக்கும் வேண்டிய கோட் வரிகளை இது தானே எழுதித் தரும். நான் ஓய்வு பெற்ற பிறகு இதை எழுதித் தரச் சொல்லிக் கேட்க உன் ஆபீசுக்கு இத்தனை வருஷமா? போகட்டும், என் உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டாயா நீ?

உன் லுத்ஃபி


அம்மான்
ஜனவரி 15

அருமை லுத்ஃபி,

உடம்பு எப்படி? கேட்டுவிட்டேன், போதுமா? எழுத்து பிரமாதம். ஆனால் நான்காம் அத்தியாயத்துக்குப் பிறகு ஆறாவது வருகிறது. ஐந்து எங்கேடா? இரண்டு டேட்டா வகைகள் ஒன்றையொன்று சுட்டி நிற்கும்போது எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்கிற இடம். மாசத்துக்கு இரண்டு தடவை சிக்கிக்கொள்கிற முடிச்சும் அதுதான். புதிதாகச் சேர்ந்த லானா அந்தக் கோட் வரிகளைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சார் இது, எல்லாத்துக்கும் மீன் பேரா வெச்சிருக்காரு? கம்பைலர் எழுதினாரா, மீன்கடை நடத்தினாரா?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சீக்கிரம் அனுப்பு.

ஷுக்ரி


அலெக்சாந்திரியா
ஜனவரி 22

ஷுக்ரி,

மறந்துபோகவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

என் நவால் கண்ணை மூடி மூன்று வருஷம். பிள்ளைகள் மாண்ட்ரீலிலிருந்து பெருநாளைக்குக் கூப்பிடுவார்கள். மற்றபடி என் போன் அடிப்பது அந்த முடிச்சு சிக்கும்போது மட்டும்தான். "டேய் லுத்ஃபி, மறுபடி புட்டுக்கிச்சுடா" என்பாய். ஒரு மணி நேரம் உன்னைத் திட்டுவேன், அப்புறம் சிரிப்போம். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டால் என்னை எவன் கூப்பிடப்போகிறான்? தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதடா. சிரிக்காதே.

லுத்ஃபி


அம்மான்
ஜனவரி 24

அட பைத்தியக்காரா!

கம்பைலருக்காகவா முப்பது வருஷம் உன்னோடு பழகினேன்? இனி வியாழக்கிழமை தவறாமல் எழுதுகிறேன், சத்தியம். குளிர் விட்டதும் இங்கே வா, வீட்டில் ஹுதா ஆட்டுக்கறி மன்சஃப் செய்து போடுவாள். அத்தியாயத்தை மட்டும் அனுப்பிவிடு, மேலே இருக்கிறவர்கள் என் உயிரை எடுக்கிறார்கள்.

உன் ஷுக்ரி


அலெக்சாந்திரியா
பிப்ரவரி 2

ஷுக்ரி,

இந்தா, நாற்பது பக்கம். எந்த மீன் எதைக் குறிக்கும் என்பது வரை இருக்கிறது. ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஹுதாவிடம் நான் காரம் தின்பதில்லை என்று சொல். எது புரியாவிட்டாலும் கூச்சப்படாமல் கேள், சின்ன விஷயமானாலும்.

லுத்ஃபி


அலெக்சாந்திரியா
ஏப்ரல் 20

ஷுக்ரி,

பதினோரு வியாழக்கிழமை போய்விட்டது. வேலை இருக்கும், தெரியும். குறை சொல்ல எழுதவில்லை. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு படியைத் தவறாக எழுதித் தொலைத்திருக்கிறேன், இன்றுதான் கண்ணில் பட்டது. அதன்படி செய்தால் முடிச்சு அவிழாது, இன்னும் இறுகும். கூப்பிடு, போனிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

லுத்ஃபி


அம்மான்
மே 3

அருமை லுத்ஃபி,

மன்னித்துவிடு, மூச்சுவிட நேரமில்லை. பதினெட்டாம் பக்கத்துப் பிழையை லானா முதல் வாரமே கண்டுபிடித்துத் திருத்திவிட்டாள். அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாய். அதன்பின் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை.

ஷுக்ரி