எந்த நேரத்து ஜனத்தொகை?

இன்று காலை எங்கள் வாசலில் மார்க்கர் பேனாவின் வாசனை அடித்தது. கணக்கெடுப்புக்கு வந்த மேடம் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். மை காய்வதற்கு முன் மூக்கில் ஏறும் அந்தக் காரம் உனக்கு எவ்வளவு பிடிக்கும்! மூடியைக் கழற்றியதும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதவே தொடங்குவாய். "துன்னுடாத, எழுது" என்று நான் சொன்னால், என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை முகர்வாய்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இதுவரை உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. இன்று உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் சொல்வேன். நான் எதையும் நேராகச் சொல்ல மாட்டேன் என்று நீயே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய்.

எட்டாம் வகுப்பில் சோஷியல் சார் இரண்டு பேருக்கு ஒரு சார்ட் என்று கொடுத்து, நம் ஊரின் படத்தை வரைந்து, நிலவியலையும் ஜனத்தொகையையும் எழுதிவரச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். வருகைப் பதிவில் என் பெயருக்கு அடுத்து உன் பெயர். அதனால் ஜோடியானோம். அதற்கு முன்பு நாம் அதிகம் பேசியதுகூட இல்லை.

நான் உன்னைக் கேட்காமலே வீட்டில் உட்கார்ந்து படத்தை முடித்துக் கொண்டுவந்தேன். ஒரு பக்கம் மலை, மலையடியில் மாந்தோப்புகள், அதற்குக் கீழே ஏரி. நடுவில் பஸ் ஸ்டாண்ட், சந்தை, மண்டல ஆபீஸ். மறுபக்கம் ஆறு. ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஆந்திரா முடிந்து தமிழ்நாடு. புத்தகத்தில் இருப்பதைப் போலவே ஆற்றை வளைத்து வளைத்து நீல நிறத்தில் தீட்டியிருந்தேன். நீ வெகுநேரம் பார்த்தாய்.

"எங்க வூடு எங்க கீது?"

என் படம் கால்வாய்ப் பாலத்தோடு முடிந்திருந்தது. காலனி பாலத்துக்கு அந்தப் பக்கம். பேப்பர் போதவில்லை என்றேன்.

"பஸ் ஸ்டாண்ட இம்மாம் பெருசா போட்டா எப்டி பத்தும்? அங்க இன்னா விமானமா வந்து எறங்குது?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சார்ட்டைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை நடந்து பார்த்து வரைந்தோம். மாங்காய்த் தோப்பு வேலைக்குப் பெண்கள் டிராக்டர் ஏறும் இடம், கோடையிலும் வற்றாத போர்வெல், ஏரிக்கரையில் கால்பட்டே உண்டான ஒற்றையடிப் பாதை, இவையெல்லாம் நீ சொல்லித்தான் படத்துக்குள் வந்தன. உன் அம்மா அவித்த வேர்க்கடலையை முறத்தில் கொட்டி நம் முன்னால் வைத்துவிட்டு, "ஊரயே தாள்ல சுருட்டி எடுத்துனு போவப் போறீங்களா?" என்று கேட்டார்.

ஆற்றில்தான் நாம் சண்டை போட்டோம். நான் நீலம் என்றேன். நீ மஞ்சள் என்றாய். ஆறு என்றால் எல்லாப் படத்திலும் நீலம்தான் என்று நான் பாடப் புத்தகத்தைத் திறந்தே காட்டினேன். "புக்குல கீற ஆறு வேற. நம்ம ஆத்துல மணல்தானே கீது? கீறத போடு" என்றாய். மஞ்சள் தீட்டினோம். நதி என்றால் நீலம் அல்லவா அம்மா என்று சார் தெலுங்கில் கேட்டபோது, நீயும் தெலுங்கிலேயே, நேரில் வந்து பாருங்கள் சார், செருப்பு நனையாமல் தமிழ்நாடு போய் வரலாம் என்றாய். வகுப்பே சிரித்தது. மார்க் குறைந்தது. எனக்கு அழுகை வந்தது. உனக்குப் பசி வந்தது.

அந்த ஐப்பசியில் மலையில் பெய்த மழைக்கு ஆற்றில் தண்ணீர் இறங்கியது. மறுநாள் நீ பெஞ்சின் மேல் ஏறி, சுவரில் ஒட்டியிருந்த நம் சார்ட்டில் மஞ்சளுக்கு நடுவே மெல்லிதாக ஒரு நீலக் கோடு இழுத்தாய். "இப்ப வந்துடுச்சி, இப்ப போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கீழே குதித்தாய்.

ஜனத்தொகை சுலபம் என்று நினைத்திருந்தேன். பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதியிருக்கிறது. பார்த்து எழுதினால் முடிந்தது. நீ அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இது எந்நேரத்து ஜனத்தொகை?" என்று கேட்டாய். எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை என்னைப் பாலத்தின் மேல் உட்கார வைத்தாய். தறி வேலைக்கு நகரி போகிறவர்கள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போனார்கள். டிராக்டர் போனது. கட்டட வேலைக்காரர்கள் பள்ளிப்பட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். சென்னைக்குப் போனவர்கள் அம்மன் ஜாத்திரைக்குத்தான் வருவார்கள் என்று அவர்களையும் ஊரில் இல்லாதவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டாய். கடைசியில் காலனிப் பக்கம் கைகாட்டி, "பாரு, பகல்ல கெழவிங்க, கொயந்தைங்க, கோழிங்க. அவ்ளோதான்" என்றாய். பலகையிலிருந்து எடுத்த எண்ணுக்குக் கீழே "இது இரவு ஜனத்தொகை" என்று எழுதினோம். அதை மட்டும் சார் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு சிறிய டிக் போட்டிருந்தார்.

பிறகு சென்ற ஆண்டு உனக்குக் காய்ச்சல் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள். நீ வந்து எழுதிக்கொள்ள வேண்டுமே என்று நான் பாடங்களைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன். நீ வரவில்லை.

அதற்குப் பின் நான் கால்வாயைத் தாண்டவில்லை. உன் அம்மாவைச் சந்தையில் பார்த்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். என்னைப் பார்த்தால் அவருக்கு உன் நினைப்பு வருமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இன்று பள்ளி விடுமுறை. எங்கள் வீட்டுக் கணக்கை முடித்ததும் மேடம், அடுத்தது காலனி, எனக்குத் தமிழ் வராதே என்று கவலைப்பட்டார். அவர் கர்னூல் பக்கத்துக்காரர், ஊருக்குப் புதிது. காலனி ஆண்களுக்குத் தெலுங்கு நன்றாக வரும். ஆனால் பகலில் ஆண்கள் எங்கே இருக்கிறார்கள்? நைனா என்னைப் பார்த்து, "நீ கூட போயிட்டு வாம்மா" என்றார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நம் ஊரில் வீட்டு ஆட்களை எண்ணிச் சொல்ல மாட்டார்கள் என்பது மேடத்துக்குத் தெரியாது. எத்தனை பேர் என்று கேட்டதற்கு முதல் வீட்டுப் பாட்டி, "எண்ணிச் சொல்றதுக்கு ஆடா, மாடா?" என்று திட்டினார். எண்ணினால் ஆயுசு குறையுமாம். அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். அவர்கள் பெயர்களைச் சொல்வார்கள். மேடம் விரல் மடக்கி எண்ணிக்கொண்டு போனில் பதிவார்.

அப்படியே உன் வீட்டுக்கு வந்தோம். உன் அம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் கையைத் துடைத்தார். உன் தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டில் யார் யார் என்று கேட்டேன். புருஷன் பெயரைச் சொல்லாமல், "கொயந்தைங்க நைனா" என்றார். தன் பெயரைச் சொன்னார். பிறகு உன் பெயரைச் சொன்னார். பிறகு உன் தம்பியின் பெயரை. குரல் மாறவே இல்லை. உன் பெயருக்கு வயது என்ன என்று மேடம் கேட்டார். உன் அம்மா என்னைக் காட்டினார்.

"இவ வயசுதான்."

மேடம் என்னிடம் வயதைக் கேட்டுப் பதிந்துகொண்டிருந்தார். ஒரு நிமிடம் நீ நம் ஊரில் இருந்தாய். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அப்படியே இருந்திருப்பாய். சொன்னால், உன் அம்மாவின் கண்ணெதிரில் உன்னை எடுத்துவிட்டவள் நானாவேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ என்றால் என்ன சொல்வாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "கீறத போடு" என்பாய்.

"ஆ பாப்ப லேது மேடம். போயிந்தி" என்றேன்.

அந்தப் பெண் இல்லை, இறந்துவிட்டாள் என்பதை முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் சந்தையில் காய்கறி வாங்கும் எவருக்கும் அந்தத் தெலுங்கு புரியும். மேடம் நிமிர்ந்து உன் அம்மாவைப் பார்த்தார். பிறகு போனில் எதையோ அழித்தார். நான் யாரையும் பார்க்காமல் புளியங்கொட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் அம்மாதான் பேசினார். "சரியாதாம்மா சொன்ன. எனக்குத் தெரியாதா? பேரா சொல்லிக்கினே வரேன், அவ எடம் வந்துடுச்சி. தாண்டி எப்டி போறது?"

மேடம் அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டார். நான் அவர் பின்னால் திரும்பியபோது உன் அம்மா என் கையைப் பிடித்தார். புளி ஒட்டிய கை.

"உனுக்கு எந்த மாசம் வயசு ஏறுது?"

தை என்றேன்.

"அன்னிக்கு வந்துட்டுப் போ. எவ்ளோ ஒசந்துட்டேன்னு பாக்கணும்."

நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் எதைக் கேட்டார் என்று புரிந்தது. என் வயதுதான் உன் வயதும்; இதுவரை அதை எனக்கு மட்டும் என்றுதான் வைத்திருந்தேன். இனி அது ஒவ்வொரு முறை கூடும்போதும் பாலத்தைத் தாண்டிப் போய், உன் அம்மா முன்னால் நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். வருகிற தையில் எனக்குப் பதினைந்து. போய் நின்றுவிட்டு வருகிறேன்.